பல்கணியில் ஒரு ஸ்லோ குக்கர்

இராஜதுரை வெளியில் சாப்பிடாத மாட்டிறைச்சி ஒஸ்லோவில் இல்லை. பேருந்து ஓட்டி முடித்து வரும் வழியில் கெபாப். லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் நண்பர் சின்னராசா வீட்டுப் பிறந்தநாள்களில் தட்டு நிறைய ரோல்ஸ். உள்ளே என்ன இறைச்சி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால்தானே தெரியவரும். ஆனால் வெஸ்ட்லியில், எட்டாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வரக்கூடாது என்பதில் மட்டும் மனிதர் இரும்பு.

அந்தச் சட்டத்தைச் சுமந்தவள் அவருடைய மனைவி இந்திராதேவி. திருகோணமலையிலிருந்து கலியாணம் முடித்து வந்த புதிதில், நோர்வேயின் வடக்கே ஒரு தொழிற்சாலையில் விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டினாள். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு ஒரு சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கத் தொடங்கி, இன்றும் மடித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமையில் மரக்கறி தவிர வேறொன்றும் தொடமாட்டாள். சமைக்கும் குசினியின் மூலையில் ஒரு சின்ன அலுமாரிக்குள் சாமிப் படங்கள். அதைத் துடைப்பதும் விளக்கு வைப்பதும் வாடிய பூவை எடுப்பதும் அவள்தான். இராஜதுரை அந்த அலுமாரியைத் திறப்பது கார்த் திறப்பைச் சாவிக்கொத்தோடு தொலைத்துவிட்டுத் தேடும்போது மட்டும்.

சலவைக்கூடத்தில் இந்திராதேவியோடு ஒரே மேசையில் நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் யோறுன். கொரியாவில் பிறந்து, கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு, உருளைக்கிழங்கும் மீனுமாக நோர்வேக்காரியாகவே வளர்ந்தவள். நாற்பது வயதுக்கு மேல்தான் கொரியச் சாப்பாட்டைச் சமைக்கப் பழகினாள். மத்தியானங்களில் அவளுடைய பெட்டியிலிருந்து இந்திராதேவிக்கும் ஒரு கரண்டி வரும். சோயா சோஸ், உள்ளி, இஞ்சி, துருவிய பெயார்ஸ் பழம், சிவப்பு மிளகாய்ப் பசை எல்லாம் ஊறி, முள்ளுக்கரண்டி பட்டாலே நாராகப் பிரியும் மாட்டிறைச்சி.

"உனக்கு ஸ்லோ குக்கர் இருந்தால் வேலையே இல்லை, தானாக வெந்துவிடும்" என்று யோறுன் ஒருநாள் சொன்னாள். பிறகு, விரிப்பின் ஓரத்தைச் சரிபார்த்தபடியே, "இதை எனக்கு இதுவரை யாரும் செய்து தந்ததில்லை. எப்போதும் நானே செய்து நானே சாப்பிடுகிறேன்" என்றாள்.

"சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா. நான் செய்து தருகிறேன்."

சொன்ன பிறகுதான் இந்திராதேவிக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

ஸ்லோ குக்கர் இருந்தது. மகள் அபிஷா படிக்கப் போகும்போது வாங்கித் தந்துவிட்டுப் போனது. இல்லாதது அதை வைக்க ஓர் இடம். இராஜதுரை யோசித்து, பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார்.

"பல்கணியிலை வையும். வயரைக் கதவு இடுக்காலை விட்டால் சரி."

"இந்தக் குளிருக்குள்ளையோ?"

"கரண்டிலைதானே வேகுது. குளிருக்கும் அதுக்கும் என்ன?"

சனிக்கிழமை விடிய, குளிர்க்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு தன் வீட்டுச் சமையலைத் தன் வீட்டுக்கு வெளியே ஏற்றினாள். கண்ணாடி மூடியில் பனித்தூள் விழுந்தது. வயர் போனதால் கதவு முழுக்கச் சாத்தவில்லை. இராஜதுரை சோபாவில் போர்வைக்குள் கிடந்து தொலைக்காட்சி பார்த்தார்.

"கதவைச் சாத்தும் இந்திரா, குளிர் வருது."

அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அடக்கிக்கொண்டாள்.

பத்து மணிக்குப் போய் மூடியைத் திறந்தாள். ஆவி இல்லை. ஓரமெல்லாம் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. கரண்டியால் அமத்தினால் இறைச்சி கல்லாக நின்றது. உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றாமலே சொன்னாள்.

"இது வேகேல்லை."

"அப்ப ஒரு கோழியை எடுத்துச் சமையும். அவவுக்கு என்ன தெரியப்போகுது?"

"அவவுக்குத் தெரியாதோ? அது அவவின்ரை சாப்பாடு."

"அவ கொரியாவிலை இருந்ததே ஆறு மாசம் எண்டு நீர்தானே சொன்னனீர்" என்று இராஜதுரை சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் பொறுக்க முடியாமல் போனது.

"போன கிழமை சின்னராசா அண்ணை வீட்டிலை என்ன ரோல்ஸ் சாப்பிட்டனீங்கள்?"

"அது வெளியிலை."

"வெளியிலை எண்டால் சாமிக்குக் கண் தெரியாதோ?"

"அது என்ரை வயித்துக்கை போனது. இது சாமி இருக்கிற குசினி."

"அந்த வயிறும் இந்தக் குசினிக்கைதானே வந்து நிண்டு தேத்தண்ணி குடிக்கிறது? அதை எங்கை கழட்டி வச்சிட்டு வாறனீங்கள்?"

"வாயைக் குறையும்."

"விளக்கு வைக்கிறது நான். கேள்வி வந்தால் நான் பதில் சொல்லுறன். நீங்கள் கார்த் திறப்பைத் தேடுங்கோ."

வயரைப் பிடுங்கினாள். குக்கரை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, சோபாவுக்கு முன்னாலேயே குசினிக்குள் கொண்டுபோனாள். கோழி காய்ச்சும் சட்டியில் எல்லாவற்றையும் ஊற்றிக் கொதிக்கக் கொதிக்க ஒருமுறை காய்ச்சினாள். பிறகு திரும்பக் குக்கரில் விட்டு, குசினி மேசையில் நட்டநடுவே வைத்தாள். சாமி அலுமாரிக் கதவைச் சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை. அது இருந்தபடி இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு உள்ளியும் பெயார்ஸும் நல்லெண்ணெயும் வீடெல்லாம் மணந்தன. இராஜதுரை தண்ணீர் குடிக்க என்று நாலைந்து தடவை குசினிக்கு வந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாலையில் யோறுன் பூங்கொத்தோடு வந்தாள். மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகள்தான் இருந்தன. இராஜதுரை கையைக் கழுவிக்கொண்டு வந்து, உட்காரக் கதிரையைத் தேடினார்.

"உங்களுக்கு வெளியிலை வச்சிருக்கிறன்" என்றாள் இந்திராதேவி தமிழில், முகத்தை மாற்றாமல்.

பல்கணியில் ஒரு கதிரை. அதன்மேல் அவருடைய குளிர்க்கோட்டு. பக்கத்தில், ஈயத்தாளால் மூடிய கோப்பை.

"ஆக்கள் வந்திருக்கேக்கை பகிடி விடாதையும்."

"வெளியிலை எண்டால் பிழையில்லைத்தானே. போங்கோ, ஆறப்போகுது."

உள்ளே இருப்பது கோழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். வாசம் வேறு. கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் மூச்சும் சோற்று ஆவியும் ஒன்றாய்ப் போயின.

"உன் கணவர் ஏன் வெளியே இருக்கிறார்?" என்று யோறுன் கேட்டாள்.

"அவருக்கு வெளியில் சாப்பிட்டால்தான் செமிக்கும்."

யோறுன் முதல் வாயை மெதுவாகச் சாப்பிட்டாள். பிறகு கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றாள். இந்திராதேவி அள்ளி ஊற்றினாள்.

கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. இராஜதுரை வெறுங்கோப்பையோடு நின்றார். கதவை ஒரு விரலளவு திறந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுத் தாருமன்" என்றார்.

"குசினிக்கை இருக்கு. வேணுமெண்டால் உள்ளுக்கை வந்து போட்டுச் சாப்பிடுங்கோ."

அவர் குக்கரைப் பார்த்தார். சாமி அலுமாரியைப் பார்த்தார். கோப்பை ஓரத்தில் குழம்பு உறைந்துகொண்டிருந்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தானே மூடியைத் திறந்து, கரண்டியை எடுத்தார்.

இந்திராதேவி எழும்பவில்லை.

"கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது" என்றாள்.