நாலு பானையும் ஒரு சுதியும்

என் மனைவி அளவெட்டிக்காரி. காலையில் நாதசுரம், மாலையில் தவில் என்று கேட்டு வளர்ந்தவள். தொட்டிலில் கிடந்தபோதே சுதி விலகினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். பெண் பார்க்கப் போன அன்று அவள் வீட்டார் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். நானும் மாப்பிள்ளைச் சிரிப்பொன்றைச் சிரித்துவைத்தேன். பின்னால் படப்போகும் பாடு அப்போது எனக்குத் தெரியவில்லை.

கலியாணம் முடிந்து தொண்டைமானாற்றுக்கு வந்து ஆறு மாதமாகியும் அவள் வாயிலிருந்து 'நல்லாயிருக்கு' என்ற சொல் ஒரு தடவையாவது வரவில்லை. என்னை வளர்த்த பெரியம்மா காய்ச்சிய கூழுக்குப் 'பரவாயில்லை.' கடற்காற்றுக்கும் 'பரவாயில்லை.' நான் கிணற்றடியில் பாடியதற்கு அதுவும் இல்லை. வாளியைச் சற்றுப் பலமாக வைத்துவிட்டுப் போனாள். எப்படியாவது அந்த ஒரு சொல்லை அவளிடம் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊருக்கு ஆயிரம் கவலை. எனக்கு இது.

அந்த நேரம் பார்த்துச் சவூதியிலிருந்து அண்ணை ஒரு கசற் செட் அனுப்பினார். அதன் முதுகில் நாலு ஸ்பீக்கர் கொழுவ இடம் இருந்தது. வந்து சேர்ந்ததோ இரண்டு. முன்னுக்கு இரண்டும் பின்னுக்கு இரண்டும் வைத்து நடுவில் கதிரையைப் போட்டால் கச்சேரிக்குள்ளேயே இருப்பதுபோல் கேட்கும் என்று கூட வந்த புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தப் படத்துக் கதிரையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் நான் கெட்டேன்.

கந்தோரில் அரைநாள் லீவு போட்டு யாழ்ப்பாணம் போய், இரண்டு கடைகளில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். ஒன்று பெரிது, மற்றது சிறிது. எல்லாவற்றையும் கொழுவி, நாதசுரக் கசற் ஒன்றைப் போட்டு, அவளை நடுக்கதிரையில் இருத்தினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"முன்னுக்கு நாதசுரம் வாசிக்கினம். பின்னுக்கு இடப்பக்கத்திலை ஆரோ தகரம் தட்டினம். வலப்பக்கத்திலை இருக்கிறவருக்குத் தடிமன், மூக்காலை வாசிக்கிறார்" என்றாள். "நாலும் நாலு மாதிரியப்பா. ஒண்டோடை ஒண்டு சேரேல்லை."

அச்சுவேலியில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் போய் என் குறையைச் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை.

"நாலையும் பெட்டியிலையிருந்து கழட்டி மண்பானையிலை போடுங்கோ. ஒரே அளவுப் பானை, ஒரே குரல். பிறகு பாருங்கோவன்."

கசற் கடைகளில் பானைக்குள் ஸ்பீக்கர் பாடுவதை நானும் கண்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமையே அச்சுவேலிச் சந்தைக்குப் போய் ஒவ்வொரு பானையாகக் காதோடு வைத்துத் தட்டத் தொடங்கினேன். பானைக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"தம்பி, உது சோறு காய்ச்சவோ, கச்சேரி வைக்கவோ?"

ஒரே குரலில் நாலு பானை கிடைக்க மத்தியானமாகிவிட்டது. திருத்துகிறவர் வயர் போக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை போட்டுத் தந்தார். பானை வாய்க்குக் கட்டுவதற்கென்று எட்டு முழம் வெள்ளைத் துணியும் வாங்கினேன். பானைகள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க அந்தத் துணியையே சுற்றி, சைக்கிளின் பின் கரியரில் இரண்டும் ஹாண்டிலில் இரண்டுமாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பாலத்தில் ஏறியதும் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. கண்ணிரண்டும் ஒழுகின. பாலத்தடியில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற அயல்வீட்டு அக்கா என்னைக் கண்டுவிட்டு, "தம்பி, பெரியம்மாவுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். பெரியம்மா நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தார். வாயைத் திறந்தால் மணல், கையை விட்டால் பானை. இப்போது கதைக்க ஏலாது என்ற அர்த்தத்தில் தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போனேன்.

பொங்கல் அல்லாத நாளில் புதுப்பானையும் வெள்ளைத் துணியும் ஒரு வீட்டை நோக்கிப் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். எனக்கும் அது தெரியும். ஆனால் அன்று என் மண்டைக்குள் ஸ்பீக்கரைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கா மீன்பையோடு குறுக்குப் பாதையால் ஓடியதைக் கண்டும், மீன் பழுதாகிவிடும் என்றுதான் ஓடுகிறார் என நினைத்தேன்.

எங்கள் ஒழுங்கையில் திரும்பினேன். வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது.

"ஐயோ, என்ரை ராசாத்தி! எங்களை விட்டிட்டுப் போட்டியேணை!"

சைக்கிளை விட்டேன். நாலு பானையும் சுக்குநூறாயின. எனக்கு அது காதிலேயே விழவில்லை. கஞ்சி வேண்டாம் என்ற பெரியம்மாவோடு காலையில் சண்டை பிடித்துவிட்டுப் போயிருந்தேன். "பெரியம்மா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

முன் விறாந்தையில் அயல்வீட்டு அக்காவும் இன்னொரு பெண்ணும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வேலிப் பொட்டால் நுழைந்துவந்த இன்னும் இரண்டு பேர் பின்வாசலில் நின்று அழுதார்கள். நடுக்கதிரையில் என் மனைவி. கண்ணை மூடியிருந்தாள்.

அறைக் கதவு திறந்தது. போர்வையைப் போர்த்துக்கொண்டு பெரியம்மா வந்து நின்றார்.

"ஏன்ரா குழறுறாய்? ஆர் செத்தது?"

நாலு பேரின் ஒப்பாரியும் பாதியில் அறுந்தது. நான் பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து இன்னும் பலமாக அழுதேன், இந்தமுறை சந்தோசத்தில். அவர் என்னைத் தள்ளிவிட்டு மற்றவர்களைப் பார்த்தார்.

"ஏனடி நிப்பாட்டினனீங்கள்? என்னைப் பற்றி நல்லாத்தானே சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள்."

நான் மனைவியிடம் பாய்ந்தேன். "பெரியம்மா படுத்திருக்கிறா எண்டு இவையிட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். கதிரையிலை ஒருக்கா இருந்து பாத்தன். பிறகு எழும்ப மனம் வரேல்லை." கண்ணைத் திறந்தாள். "நல்லாயிருக்கு."

ஆறு மாதம் காத்திருந்த சொல். என் காதை நானே நம்பவில்லை.

"முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு. நாலும் ஒரே சுதி" என்றாள். "கடைசியா ஒழுங்கைப் பக்கத்தாலை ஒண்டு கத்திக்கொண்டு வந்துது. அதுதான் சேரேல்லை."