மகளிடம் நான் சொல்லாத பாதி

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ருவான்வெல்லைக்குத் தையல் வகுப்புக்குக் கிளம்பிய என் மகள், தோட்டத்து வளைவில் த்ரீவீல் வண்டி புரண்டதில் முழங்கால் மூட்டு விலகிக் கிடந்தாள். பெரியாஸ்பத்திரியில் மூட்டைச் சரிப்படுத்திக் கட்டுப் போட்டாயிற்று. இனி வீட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.

இளம் டொக்டர் ஒருவர் அவளுடைய இரண்டு பாதங்களிலும் மாறி மாறி விரல் வைத்து நாடி பார்த்தார். வலது பாதத்திலிருந்து விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வலியில் அவள் பேசாமல் கிடந்ததால் என்னிடம் சிங்களத்தில் சொன்னார். மூட்டு விலகும்போது அதன் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் சேதப்பட்டிருக்கலாம். கையில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால் இரத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். தாமதித்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு வருத்தம், காய்ச்சல் என்றாலும் சிங்களம் பேச என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். அந்தப் பழக்கத்தில் மகள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன். ஒரு படம் எடுக்கணுமாம், மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகுமாம், அசையக் கூடாதாம். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். தையல் வகுப்பில் அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். என்னைவிட அவளுக்குத்தான் சிங்களம் நன்றாக வரும். அது எனக்கு அப்போது நினைவே இல்லை.

ஸ்கேன் அறை வாசலில் தள்ளுவண்டி நின்றபோது என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, கால எடுக்கிறதப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே நீங்க."

நான் போர்வையை இழுத்து அவள் பாதத்தை மூடினேன்.

"லயத்து ஆளுங்களுக்கும் இப்படிப் பாதிதான் சொல்லுவீங்களா?"

சிரிக்கப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லுவேன். அவங்க எம்புள்ளைங்க இல்லியே."

"எனக்கும் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டே பயப்படுறேன்."

படம் சீக்கிரமே வந்துவிட்டது. டொக்டர் என்னைத் திரைக்கு முன்னால் நிறுத்திக் காட்டினார். தொடையிலிருந்து தடிப்பாக இறங்கி வந்த வெள்ளைக் கோடு முழங்காலுக்குப் பின்னால் சட்டென்று நின்றுபோயிருந்தது. கீழே நூல் நூலாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் அடைபட்டிருக்கிறது. மற்றக் காலிலிருந்து ஒரு குழாயை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைப்பார்கள். அப்படிச் செய்தும் கால் மிஞ்சாமல் போகலாம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, ஒப்பரேஷனுக்குச் சம்மதிக்கும் ஃபாரத்தில் தானே கையெழுத்து வைத்தாள்.

ஒப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது, கண்ணைத் திறக்காமலே, டொக்டர் என்ன சொன்னார், முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள். கால் இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது என்றேன். கால்விரல்கள் மரத்தபடியே இருந்துவிடலாம் என்பதையும் சொன்னேன்.