புடு ஊற்றிய மூன்று மெத்தைகள்

காக் மஸ்னா பதினொரு வருடம் மலேசியாவின் கோத்தா பாருவில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வேனில் பதினெட்டுப் பிள்ளைகள். வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது வாந்தி எடுப்பார்கள். மைலோ கொட்டாத நாளே கிடையாது. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குழாயைப் பிடித்து அடிப்பார். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழைக்காலம் வந்து ஜன்னல்களை மூடினால் போதும், ஒரு வருடத்து வாந்தியும் பாலும் இருக்கைக்குள்ளிருந்து எழுந்து வரும். ஒரு தாய் பிள்ளையை ஏற்றிவிட வந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காக் மஸ்னா அதைப் பார்த்துவிட்டார்.

"மேல தேச்சா மேலதான் சுத்தமாகும். உள்ள போன தண்ணிய வெளிய எடுக்கற வழி தெரியலையே, அபே" என்று என்னிடம் அன்று சொன்னார். அவர் வேனுக்குப் பத்து வருடமாக டயர் மாட்டுகிறவன் நான். இந்த ஊரில் காக் என்றால் அக்கா, அபே என்றால் அண்ணன்; எல்லோருக்கும் நான் அபேதான்.

வேனின் இன்ஜின் நின்றுபோனபோது அதைப் பழைய இரும்புக்குப் போட்டார். இருக்கை மெத்தைகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். என் கடைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கார் உள்பக்கம் சுத்தம் செய்து தரப்படும் என்று பலகை மாட்டினார். கையில் இருந்தது ஒரு பிரஷ், இரண்டு வாளி, வீட்டுத் தூசு உறிஞ்சி ஒன்று.

சாலைக்கு எதிர்ப்பக்கம் கமாருலின் கடை. கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், நீராவி இயந்திரம், வேலையாட்களுக்கு ஒரே நிறச் சட்டை. கமாருல் கெட்டவன் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது.

"காக், அந்த பிரஷ்ஷ என்கிட்ட குடுங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சு அந்தக் காலத்து ஆளுங்க இப்படித்தான் கார் கழுவுனாங்கன்னு எழுதிப் போடறேன்."

"வை தம்பி. பக்கத்துலயே உன் நீராவி மெஷினுக்கும் இடம் விட்டு வை" என்றார் காக் மஸ்னா, வாளியைக் கவிழ்த்தபடி.

ஆனால் உள்ளுக்குள் அவருக்குத் தெரியும், பிரஷ்ஷால் காலம் தள்ள முடியாது. கையில் இருந்த பணம் ஒரே ஓர் இயந்திரத்துக்குத்தான் போதும். தப்பானதை வாங்கிவிட்டால் மறுபடி வாங்க வழியில்லை.

அந்த ஆகஸ்டில் நகர மண்டபத்தில் வண்டிப் பட்டறைக்காரர்களுக்கான இயந்திரக் கண்காட்சி நடக்கப் போகிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு காக் மஸ்னா செய்த காரியத்தைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பழைய வேனின் மெத்தைகளில் ஒரே அளவான மூன்றை எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றின் மேலும் அரை பாட்டில் புடு ஊற்றினார்.

புடு என்றால் நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் புளிக்க வைத்த சாறு. அது இல்லாமல் எங்கள் ஊரில் சோறு இறங்காது. தட்டில் இருக்கும்வரை அமிர்தம். துணியில் பட்டால் அந்தத் துணியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

"என்ன காக் இது! கஸ்டமர் வர இடம்!"

"விக்க வர்றவன் சும்மா மண்ணையும் காப்பியையும் தொடச்சிக் காட்டுவான், அபே. அத என் பிரஷ்ஷே தொடைக்கும். இத எடுக்கட்டும் பாக்கலாம்."

ஊற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு மெத்தையையும் மீன் நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்து எழுதிக்கொண்டார். ஏறத்தாழ நாலு கிலோ. எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார். ஒரு வாரம் வெயிலில் கிடந்த மெத்தைகளைச் சுற்றித் தெருப் பூனைகளெல்லாம் குடித்தனம் நடத்தின.

கண்காட்சி அன்று என் பிக்கப்பில் மூன்றையும் ஏற்றினோம். வாசலில் காவலாளி தடுத்தான். "இது என்னம்மா, செத்த மீனா?"

"என் சீட்டு. உள்ள மெஷின் பாக்கப் போறேன். கார் சீட்டு கொண்டுவரக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

எங்கும் எழுதியிருக்கவில்லை.

முதல் கடை நீராவி இயந்திரக்காரருடையது. கோலாலம்பூரிலிருந்து வந்தவர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கமாருல் வைத்திருந்ததற்குப் புது மாதிரி அது. கமாருலும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "எதையும் எடுத்துடும் காக். நூறு டிகிரிக்கு மேல சூடு" என்று சொல்லிவிட்டு விற்பனையாளர் முதல் மெத்தையில் நீராவியைப் பாய்ச்சினார். ஐந்து விநாடிதான். சூடான புடு வாசம் மண்டபத்தின் கூரையைத் தொட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். யாரோ கதவைத் திறங்கள் என்று கத்தினார்கள். கறை போகவில்லை. இன்னும் கறுத்து நூலோடு ஒட்டிக்கொண்டது.

"இது... இது என்னது காக்?" என்றார் அவர், கழுத்துப்பட்டியால் மூக்கைப் பொத்தியபடி.

"எங்க ஊர்ச் சாப்பாடு."

இரண்டாவது கடையில் பெரிய உருளை இயந்திரம். நுரையைத் தெளித்துத் தேய்த்து உறிஞ்சியது. கறை போயிற்று, வாசமும் பெரும்பாலும் போயிற்று. "எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க! உறிஞ்சுற வேகம் எவ்வளவுன்னு தாள்ல போட்டிருக்கோம்" என்று அந்த இளைஞன் பெருமையாகச் சொன்னான். காக் மஸ்னா பையிலிருந்து தராசை எடுத்தார். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மெத்தையை மாட்டினார். ஐந்தேகால் கிலோ.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் எதற்கு முன்கூட்டியே நிறுத்து வைத்தார் என்று.

"தம்பி, நம்பரு உன் தாள்ல இருக்கு. ஒண்ணேகால் கிலோ தண்ணி என் சீட்டுல இருக்கு. டிசம்பர்ல இங்க கைக்குட்டையே மூணு நாளைக்குக் காயாது. இத நான் எங்க காய வைக்க?"

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

மூலையில் ஒரு சின்ன மேசை. ஈப்போவிலிருந்து வந்த குவோங் என்பவர் உட்கார்ந்து கறிபஃப் தின்றுகொண்டிருந்தார். ஓட்டல்களுக்குக் கம்பளம் துவைக்கும் இயந்திரம் விற்பவர். சாம்பல் நிறத்தில் சதுரமாக, பார்க்க லட்சணமே இல்லாத பெட்டி. மெத்தையைப் பார்த்ததும் அவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை.

"என்ன கொட்டுச்சு?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் இயந்திரத்தைப் போடும் முன் அதைக் கேட்கவில்லை.

"புடு."

"எத்தன நாளாச்சு?"

"ஒரு வாரம். வெயில்ல."

குவோங் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சுவிட்சை அணைத்தார். "ஏன் அணைச்சீங்க?" என்றார் காக் மஸ்னா உடனே.

"சூடு. மீனு இல்லையா? சூடு காட்டுனா முட்ட வேகற மாதிரி வெந்து நூலப் பிடிச்சுக்கும். மொதல்ல கறையக் கரைக்கற மருந்து தெளிச்சு ஊற விடணும், அப்புறம் பச்சத் தண்ணி. சூடு கடைசியில."

கால் மணி நேரம் ஊற விட்டார். பிறகு கைப்பிடியின் முனையில் இருந்த கண்ணாடி வாயை மெத்தைமேல் அழுத்தி மெல்ல இழுத்தார். தண்ணீர் பீய்ச்சுவதும் உறிஞ்சுவதும் ஒரே இழுப்பில் நடந்தது. கண்ணாடிக்குள் பழுப்பு நீர் ஓடுவதை எல்லோரும் பார்த்தோம். நாலாவது இழுப்பில் நீர் தெளிந்தது. அதன் பிறகு தண்ணீர் விடாமல் வெறுமனே ஆறு முறை உறிஞ்சினார். காக் மஸ்னா முகத்தை மெத்தையில் வைத்து முகர்ந்தார். பிறகு தராசு. நாலு கிலோ முன்னூறு.

அப்போதும் அவர் சம்மதம் சொல்லவில்லை. கண்ணாடி வாயை வாங்கி, கார் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நுழையுமா என்று தன் கையை வைத்து அளந்தார். குழாயை நீட்டி, வாசலில் நிற்கும் காரின் பின்சீட்டை எட்டுமா என்று பார்த்தார். பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பார்த்தார். "பம்பு போச்சுன்னா?" என்று கேட்டார். குவோங் நாலு திருகைக் கழற்றி பம்பை வெளியே எடுத்துக் காட்டி, மறுபடி மாட்டுங்கள் என்று அவரிடமே கொடுத்தார். அவரும் மாட்டிவிட்டார்.

"இதான்" என்றார் காக் மஸ்னா.

மழை நவம்பரில் பிடித்துக்கொண்டது. டிசம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை, வங்கியில் வேலை பார்க்கும் அபே நோர்டின் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கொட்டுகிற மழையில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு பெட்டி புடு வாங்கிப் பின்சீட்டில் வைத்திருக்கிறார். பள்ளத்தில் கார் குதித்ததில் பாதி பாட்டில்கள் உடைந்துவிட்டன. முதலில் காரை எதிர்க்கடையில் கொடுத்திருக்கிறார். கமாருல், கண்காட்சியில் பார்த்த பிறகும், இரண்டு மணி நேரம் நீராவி அடித்துவிட்டு, "சீட்டு, கார்ப்பெட் எல்லாத்தையும் மாத்திடுங்க, வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டானாம்.

"வெள்ளிக்கிழமை என் பையனுக்குக் கல்யாணம் காக். கோலா கிராய்க்குப் போகணும். மாப்பிள்ளை இந்தக் காருலதான் போகணும். பொண்ணு வீட்டு வாசல்ல இவன் புடு வாசத்தோட எறங்குனா நான் எங்க மூஞ்சிய வெச்சுக்குவேன்?"

காக் மஸ்னா காருக்குள் தலையை விட்டார். அங்கேயே ஒரு நிமிடம் இருந்தார். "சூடு காட்டிட்டான். வேல கூடிப் போச்சு. சாவியக் குடுங்க."

என் ஸ்பானர்களை எடுத்து இருக்கைகளை நான்தான் கழற்றினேன். அவர் மருந்து தெளித்து, ஊற விட்டு, பச்சைத் தண்ணீரில் இழுத்தார். மறுபடி மருந்து, மறுபடி தண்ணீர். மாலைக்குள் மூன்று தடவை. இருக்கைகள் சுத்தமாகிவிட்டன. ஆனால் காருக்குள் உட்கார்ந்தால் வாசம் எங்கிருந்தோ வந்தது. அவர் முகம் முதன்முறையாகச் சோர்ந்தது. பிறகு முழங்காலில் நின்று, நாய் மோப்பம் பிடிப்பதுபோல் தரை முழுதும் முகர்ந்தார்.

"அபே, கார்ப்பெட்டத் தூக்குங்க."

தூக்கினோம். அடியில் போட்டிருந்த தடித்த பஞ்சு விரிப்பு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே புடுவில் ஊறிக் கிடந்தது. சரிவான இடம், எல்லாம் வழிந்து அங்கே தேங்கியிருந்தது. காக் மஸ்னா கை தட்டிச் சிரித்தார். "இங்க ஒளிஞ்சிருக்கியாடா நீ!"

விரிப்பைத் தனியாக எடுத்துத் தரையில் போட்டு இழுத்தார். கண்ணாடிக்குள் ஓடிய நீர் காப்பி நிறமாகி, தேநீர் நிறமாகி, வெளுத்து, கடைசியில் குழாய்த் தண்ணீரைப் போல ஆயிற்று. வியாழன் முழுதும் இரண்டு மின்விசிறிகள் ஓடின. வெளியே மழை விடவே இல்லை. மாலையில் நான் விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கோலா கிராய் வரை ஒன்றரை மணி நேரப் பயணம். மழைக்குக் கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு போனார்கள். நோர்டினின் மாமியார் பின்சீட்டில் தலையைச் சாய்த்து வழி முழுதும் தூங்கினாராம். மாப்பிள்ளை போட்ட அத்தர் வாசம் மட்டும் அடித்ததாம். சனிக்கிழமை நோர்டின் ஒரு பெரிய தூக்குச்சட்டியில் கல்யாணக் கறியும் நெய்ச்சோறும் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டு, சாலை அதிரும்படி சொன்னார்: "எங்க வீட்டுல யாருமே கண்டுபிடிக்கல காக்! சொன்னாக்கூட நம்ப மாட்டேங்கறாங்க!"

வங்கியில் அவர் சொல்ல, அங்கிருந்து வாடகைக் கார் கம்பெனிக்குப் போய், ஜனவரிக்குள் கொட்டகைக்கு வெளியே கார்கள் வரிசையில் நின்றன. காக் மஸ்னா தன்னோடு முன்பு வேன் ஓட்டிய இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் பட்டப்பகலில் கமாருலே சாலையைக் கடந்து ஒரு காரை ஓட்டி வந்தான். வேலையாட்கள் எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காக்... என் கஸ்டமர் வண்டி. உள்ள பால் கொட்டிடுச்சு. உங்களாலதான் ஆகும்."

"சூடு காட்டுனியா?"

"இல்ல காக். சத்தியமா இல்ல. ஸ்விட்ச்சே போடல."

காக் மஸ்னா இடுப்பில் கை வைத்து அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "தேறிட்ட தம்பி. சட்டைக் கையை மடிச்சுவிடு. கார்ப்பெட்டுக்கு அந்தப் பக்கம் பிடி."

கமாருல் பிடித்தான்.