தங்கவேல் என்று கூப்பிட்டால்

வெளிநாட்டில், பென்ரோஸ் பகுதியில் நான் வேலை பார்க்கும் கிடங்கில் வேலை முடிந்ததும் காரிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தேன். ஊரில் காலமான அப்பாவின் இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில், வீடியோவில் நோட்டரி பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை இணைப்பு அறுந்து, எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

நோட்டரி ஒரு ஃபிஜி இந்தியப் பெண்மணி. என் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் குழம்பி, ஆங்கிலத்தில் கேட்டார்: "மிஸ்டர் தங்கவேல், இறந்தவர் பேரும் தங்கவேலா?"

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்லி அலுத்த பதிலையே சொன்னேன். "அது என் பேர் இல்லைங்க, அப்பா பேர். பாஸ்போர்ட்ல கடைசிப் பேராப் போட்டுட்டாங்க."

அவர் திரையில் என் பெயரை மறுபடி படித்தார்.

"என் கடைசிப் பேர் முனுசாமி. கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி ஃபிஜிக்கு வந்த எங்க முன்னோரோட பேர். அவர் ஊர் தெரியாது, முகம் தெரியாது. பேர் மட்டும்தான் எங்ககிட்ட மிச்சம்" என்றவர், "சரி, கையெழுத்துப் போடுங்க" என்றார்.

மறுநாள் கிடங்கில் சூப்பர்வைசர், "தங்கவேல்!" என்று கத்தினார். வழக்கமாகத் திருத்துவேன். அன்று, "இதோ வர்றேன்" என்று போனேன்.

ஊரில் இனி அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடப் போவதில்லை. இங்கே தினமும் கூப்பிடுகிறார்கள்.