சின்ன அறையில் ஓர் இரும்பு அலுமாரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், லண்டன் மோர்டனில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது இது. நடந்தது என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண் வந்தார், கேள்விகள் கேட்டார், தேநீர் குடித்தார், போனார். ஆனால் அவர் கேட்டவற்றில் ஒன்று என்னை மூன்று நாள் நிம்மதியாக இருக்க விடவில்லை.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு லிஃப்ட் திருத்துகிற வேலை. ஒன்பது வயதில் பெற்றோருடன் லண்டனுக்கு வந்துவிட்டவர். ஊரில் நடந்த போரை அவர் தொலைக்காட்சியில் பார்த்தவர். நான் இருபத்து மூன்று வயது வரை அதற்குள்ளேயே இருந்தவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் இந்த வித்தியாசத்தைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை. கதைக்க நேரமும் இருக்கவில்லை என்று வையுங்கள்.

பிள்ளைகள் இருவரும் யூனிவர்சிற்றிக்குப் போய் வீடு வெறித்துப்போன வருடம், அவருடன் வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் அவரை லண்டனுக்கு வெளியே சரேப் பக்கம் இருக்கிற ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போனார். பழைய இராணுவத் துவக்குகளைச் சேர்த்து, பழுது பார்த்து, இலக்குப் பலகையில் சுட்டுப் பார்க்கிறவர்களின் கிளப். இந்த வயதில் மற்ற ஆண்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். என் மனிசனுக்கு வாய்த்தது இது. போன அன்றே மயங்கிவிட்டார்.

அவருக்குச் சுடுவதில் பெரிய ஆசை இல்லை. அதன் பொறிமுறையில்தான் ஆசை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் துவக்கு ஒன்றின் படத்தைக் காட்டி, அதன் உடம்பிலும், கையால் இழுத்துத் தள்ளுகிற இரும்பிலும் ஒரே இலக்கம் இருக்கிறது என்பார். “எண்பது வருஷமாப் பிரியேல்லை. எங்களைவிட நல்ல சோடி” என்று சிரிப்பார். இராணுவம் கழித்துவிட்ட பழைய ரவைகளைச் சுட்டால் குழாய்க்குள் ஒருவித உப்புப் படியுமாம். அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடித்துவிடுமாம். அதற்காக என்னுடைய தேங்காயெண்ணெய்ப் புனல் எனக்குத் தெரியாமலே கிளப்புக்குப் போய்விட்டது. நான் இரண்டு மாதம் அதைக் குசினி முழுக்கத் தேடினேன்.

கிளப்பின் துவக்குகளில் பழகி முடிந்ததும் சொந்தமாக ஒன்று வாங்கி வீட்டில் வைக்க விரும்பினார். “உமக்குப் பிரச்சினை இல்லைத்தானே?” என்று கேட்டார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். “எனக்கென்ன, செய்யுங்கோவன்” என்றேன். சிரித்தும் இருப்பேன்.

இந்த நாட்டில் அது லேசான காரியம் இல்லை. பொலிஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், டொக்டரின் கடிதம் வேண்டும், நல்ல மனிதர் என்று சொல்ல இருவர் வேண்டும், சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்பு அலுமாரி வேண்டும். பெட்டிகளும் என் கூறைப்புடவையும் இருக்கிற சின்ன அறையில் அவர் அலுமாரியைச் சுவரில் பூட்டினார். அதற்குள் ஒன்றும் இல்லை, வெறும் இரும்புப் பெட்டி. அது வந்த நாளிலிருந்து நான் அந்த அறைக்குள் போகவில்லை. போகவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. ஏதும் எடுக்க வேண்டுமென்றால் அவரை அனுப்புவேன். அவரும் பாவம், நாரி நோவுதாக்கும், குனிய ஏலாதாக்கும் என்று நினைத்திருப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர் பொலிஸிலிருந்து வீடு பார்க்க வந்த பெண். சீருடை இல்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. வாசலில் செருப்புகளைக் கண்டதும் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். நான் காலையிலிருந்தே ரோல்ஸ் பொரித்து அடுக்கி வைத்திருந்தேன். அதிகாரி என்று யார் வந்தாலும் எனக்குக் கை தானாகவே சட்டிக்குப் போகும்.

மேலே போய் அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். பூட்டைத் திறக்கிற திறப்பு எங்கே இருக்கும் என்பது கணவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும், மனைவிக்கும் தெரியக் கூடாது என்றார். என் வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு திறப்பா என்று பகிடி விட்டேன். படியில் நின்றுகொண்டுதான் விட்டேன்.

பிறகு அவர் என் கணவரை மேலேயே இருக்கச் சொல்லிவிட்டு, என்னுடன் தனியாகக் குசினிக்கு வந்தார். கணவர் குடிப்பாரா, கோபப்படுவாரா, வீட்டில் சத்தம் போடுவாரா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. அகதி விண்ணப்பக் காலத்தில் எத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் இருந்து பழகியவள் நான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், சிரித்த முகமாய் இரு. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இந்த வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி வருவது உங்களுக்குச் சம்மதமா?

ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். ஒரு பிரச்சினையும் இல்லை என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவர் எழுதவில்லை. நாங்கள் மேலே நின்றபோது நீங்கள் ஏன் அறைக்குள் வரவில்லை என்று கேட்டார். அறை சின்னது என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். இது உங்களுடைய வீடும்தான், வேண்டாம் என்றும் சொல்லலாம், எனக்கு மூன்று மணி வரை வேறு வேலை இல்லை என்றார். பிறகு ஒரு ரோல்ஸை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

நான் அவருக்குத் தேநீர் ஊற்றினேன். கடைசியில் “ஏலாது” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு, புருஷனிடமே சொல்லாததை முன்பின் தெரியாத அந்த வெள்ளைக்காரியிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குள் துவக்கோடு சிலர் வந்தார்கள். எந்தப் பக்கத்தவர் என்று இங்கே எழுதப் போவதில்லை; எல்லாப் பக்கத்தவரும் வந்துபோன வீடு அது. ஒருவர் துவக்கைச் சாமியறைக் கதவில் சாத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். அம்மா இரண்டு கையாலும் செம்பை நீட்டினார். குடித்து முடித்து, இரண்டு நாள் தங்கப்போகிறோம், பிரச்சினை இல்லைத்தானே என்றார். “ஒரு பிரச்சினையும் இல்லை, தம்பி” என்று அம்மா சிரித்தார். இரண்டு நாள் பதினேழு நாளாயிற்று. அந்தப் பதினேழு நாளும் நானும் அம்மாவும் ஓர் அறைக்குள் கதவுக்குப் பின்னால் இருந்தோம். ஒருவரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் அம்மா அந்தச் சிரிப்பை மாட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

அந்தப் பெண் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நான் வெள்ளிக்கிழமை உங்கள் கணவருக்குத் தொலைபேசி எடுப்பேன், அதுவரை எதையும் எழுத மாட்டேன், அவர் இதை என்னிடமிருந்து அல்ல, உங்களிடமிருந்து கேட்பதுதான் நல்லது என்றார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

அவர் போனதும் கணவர் சந்தோஷமாக இறங்கி வந்தார். “எல்லாம் சரிபோல கிடக்கு. ரோல்ஸ் வேலை செய்திட்டுது” என்றார். நான் சிரித்தேன். புதன்கிழமையும் சிரித்தேன். எட்டு மாதம் இதற்காக ஓடித் திரிந்தவர் அவர்; கிளப்பில் அவருக்கென்று ஒரு துவக்கை ஒதுக்கியும் வைத்துவிட்டார்கள். அந்த ஆசையை எப்படி உடைப்பது?

வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்தவர், என்னுடைய பழைய புனலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டாராம்.

“அது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது” என்றேன்.

“புனலையே சொல்றீர்?”

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டார். முடிந்ததும் அவர் கோபப்பட்டது துவக்குக்காக அல்ல.

“இருபத்திரண்டு வருஷமா எனக்குச் சொல்லாததை அந்த மனிசிக்குச் சொன்னீரோ?”

“அவ கேட்டவ.”

“நானும் கேட்டனான்தானே.”

“நீங்கள் கேக்கேக்குள்ள அலுமாரி ஓடர் பண்ணி முடிஞ்சுது.”

அவர் மேலே போனார். கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்து முறுக்காணிகளைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சாப்பிட வரவில்லை. காலையில் தேநீர் கொடுத்தபோதும் முகம் பார்க்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அந்தப் பெண் எடுக்கும் முன்பே தானாக எடுத்து, துவக்கு வீட்டுக்கு வராது, கிளப்பின் பூட்டறையிலேயே இருக்கும், விண்ணப்பத்தை அப்படி மாற்றித் தருகிறேன் என்று சொன்னார். வைத்துவிட்டு என்னிடம், “நீர் இப்பிடிப் பயந்துகொண்டு இருந்தது எனக்குத் தெரியாமல் போச்சே” என்றார். குரல் உடைந்துதான் வந்தது. நானும் அழுதேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். குழாய் கழுவி எண்ணெய் போட்ட மணத்தோடு வருவார். குளிக்காமல் குசினிக்குள் வரக்கூடாது என்பது என் சட்டம். அலுமாரி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகளை அடைத்துப் பெயின்ற் அடித்தார். நிறம் சரியாகப் பொருந்தவில்லை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் தந்த அந்தப் பெண்ணை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவருடைய நல்ல மனதைவிட என்னை இன்றும் உறுத்துவது என் தவறுதான். துவக்குக்காரர்களுக்குப் பயந்து அம்மா சொன்ன அதே பதிலை, ஒருநாளும் என்னைப் பயமுறுத்தாத என் கணவருக்கு நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி, அது அன்பு என்று அவரையும் நம்ப வைத்திருக்கிறேன். இப்போது அவர் எதைக் கேட்டாலும், வாய்க்கு முதலில் வருகிற “ஒரு பிரச்சினையும் இல்லை”யை விழுங்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, எனக்கு உண்மையிலேயே சம்மதமா என்று என்னை நானே கேட்டுப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.