லேடி கொரின்னாவின் கீழ்த்தளத்துக் கட்டில்

ஜெபமணி அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அந்தப் புகைப்படம்தான். சேரப்பணஞ்சேரியில் இரண்டு அறை வீடு. கூடத்துச் சுவரில், கப்பல் அறை ஒன்றின் நடுவே நின்று சிரிக்கிறார். பக்கத்தில் வெள்ளைவெளேர் என்று மெத்தை, பின்னால் ஆளுயர ஜன்னல், அதற்கும் பின்னால் கடல். பதினேழு வருடம் அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர். கப்பல்காரன் என்று தெரிந்தால் நம் ஜனங்கள் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. கொடுத்து வைத்தவன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

கொடுத்து வைத்த லட்சணத்தை நான் சொல்கிறேன்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சாயர்புரம். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கிய காலத்தில் குழாய் மாட்டும் வேலைக்கு வந்தவர். சேரப்பணஞ்சேரி அமலாவைக் கட்டிக்கொண்டார். மகள் ஃபெபி பிறந்தாள். 2002இல் ஓர் ஏஜெண்ட் அவரைப் பின்லாந்துக்கு அனுப்பினான். அங்கே லேடி கொரின்னா என்ற உல்லாசக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மாடி, இரண்டாயிரம் பயணிகளுக்கு இடம். அறைகளைக் கரையிலேயே பெட்டி பெட்டியாகச் செய்து, கிரேனில் தூக்கி, கப்பலின் வயிற்றுக்குள் மேசை டிராயரைப் போலத் தள்ளுவார்களாம். பயணிகளின் அறைகளை அந்த ஊர்க்காரர்கள் செய்தார்கள். கப்பல் ஊழியர் படுக்கிற அறைகள் நம் ஆட்களுக்கு வந்தன. அதில் கட்டில் பூட்டுவது அண்ணாச்சியின் வேலை.

இன்ஜின் அதிர்வில் இரும்புக் கட்டில் கிறீச்சிடுமே, படுக்கிறவன் எப்படித் தூங்குவான் என்று அவருக்குக் கவலை. பழைய சைக்கிள் ட்யூப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் வைத்து முடுக்கினார். எந்த வரைபடத்திலும் இல்லாத, நம்மூர் ஃபிட்டரின் புத்தி. சூப்பர்வைசர் முதலில் கத்தினான். பிறகு கட்டிலை ஆட்டிப் பார்த்து, சத்தம் வராததால் பேசாமல் போய்விட்டான்.

2004இல் கப்பல் கடலுக்குப் புறப்பட்டபோது, குழாய் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று அவரையே ஏற்றிக்கொண்டார்கள். அவர் பூட்டிய கட்டிலிலேயே அவரைப் படுக்கவும் வைத்தார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே, நான்கு பேருக்கு ஓர் அறை, ஜன்னல் கிடையாது. சுவரில் படமாகத் தொங்குவது அந்த அறை இல்லை. ஐந்தாம் மாடியில் ஒரு பயணியின் கழிவறை அடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யப் போனவர், கையைக் கழுவிவிட்டு, கூட வந்தவனை ஒரு படம் எடுக்கச் சொன்னார். 'இதுதான் என் அறை' என்று எழுதி அமலாவுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு பொய். அதைக் காப்பாற்றத்தான் மிச்சக் காலமெல்லாம் ஆயிற்று.

அமலா மதினி அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தார். ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டது. ஐந்து வருடம் வேலை பார்த்தவர்களின் மனைவிகள் இரண்டு வாரம் கப்பலில் போய் வரலாம் என்று ஒரு சலுகை இருந்தது. கப்பலில் அண்ணாச்சியோடு வேலை பார்த்த கிறிஸ்துதாஸின் மனைவி போய்விட்டு வந்ததைக் கேள்விப்பட்டு, என்னையும் ஒரு தடவை கூட்டிப் போ என்று மதினி கேட்டார். வந்தால் கீழ்த்தளத்தைப் பார்த்துவிடுவாரே! கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மழுப்பினார் அண்ணாச்சி. மறு வருடம் கேட்டார், அதற்கடுத்த வருடமும் கேட்டார். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

கப்பல் இதற்குள் இரண்டு முறை கைமாறி, புதுப் பெயரும் புதுச் சாயமும் பூசிக்கொண்டது. கொரோனாவில் ஆளில்லாமல் கடலில் நின்றது. 2021இல் ஒரு மின்னஞ்சலில் அண்ணாச்சியின் வேலை போயிற்று. மறு வருடம் கப்பலையும் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

ஊருக்கு வந்தவருக்கு ஒரகடத்தில் எங்கள் விடுதியில் ரிப்பேர் வேலை கிடைத்தது. மதினிக்கு அங்கேயே சமையல். நான் கோவில்பட்டியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து அந்த விடுதியில் தங்கியிருப்பவன். போன வருடம் விடுதி முதலாளி இராமச்சந்திரன் குஜராத்திலிருந்து நாற்பது பழைய இரண்டடுக்குக் கட்டில்கள் வாங்கி இறக்கினார். அலங் கடற்கரையில் உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கிற சந்தை இருக்கிறது, அங்கிருந்து வந்தவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அண்ணாச்சியும் அவற்றைப் பூட்ட உட்கார்ந்தோம்.

துருப்பிடித்த முதல் போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாக ஏதோ விழுந்தது. அண்ணாச்சி எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அடுத்த போல்ட்டைக் கழற்றினார். அதிலும் இருந்தது.

"எலேய், சைக்கிள் ட்யூப்பு. நான் வெட்டி வச்சது" என்றார்.

என் நாக்கில் சனி. "மதினி! இங்க வாங்க! அண்ணாச்சி கப்பல் நம்ம ஹாஸ்டலுக்கே வந்துட்டு!" என்று கத்திவிட்டேன். "எலேய், சும்மா கெட" என்று அவர் என் வாயைப் பொத்த வருவதற்குள், மதினி ஈரக்கையோடு வந்து நின்றார்.

"இதுல யாருயா படுத்தது?"

"வேலக்காரங்கதான்."

"நீ?"

அண்ணாச்சி ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார். பிரிக்காமல் முழுசாக வந்திருந்த ஒரு கட்டிலின் கீழ்த்தட்டில் மதினி படுத்துப் பார்த்தார். மேல்தட்டு முகத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

"ஜன்னலு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஜன்னல் இல்ல, பிள்ள. தண்ணிக்குக் கீழ இருந்த ரூமு."

"அப்போ அந்த போட்டோ?"

"கக்கூஸ் அடச்சிருந்துச்சு. சரி பண்ணப் போன எடம். நெசத்தச் சொன்னா நீ வெசனப்படுவியேன்னுதான்…"

மதினி அழுது கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஃபெபிக்கு டைபாய்டு வந்தப்போகூட வான்னு உன்ன கூப்புடல. காலு வீங்கிக்கினு லைன்ல நின்னப்பவும் கூப்புடல. ஏன் தெரியுமா? நீயாவது நல்லா கீறியே, அத நான் ஏன் கெடுக்கணும்னுதான்யா. இந்தக் கட்டில்தான்னு தெரிஞ்சிருந்தா, முத வருசமே கெளம்பி வாய்யான்னு சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணாச்சி அந்த ட்யூப் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்திலேயே வைத்து முடுக்கினார். நாற்பது கட்டிலையும் முடித்த பிறகுதான் எழுந்தார். அதில் ஒன்றில்தான் இப்போது நான் படுக்கிறேன். திரும்பிப் படுத்தாலும் சத்தமே வருவதில்லை.

புகைப்படம் இன்னும் சுவரில் இருக்கிறது. அதைக் கழற்ற அண்ணாச்சி இரண்டு முறை நாற்காலி போட்டார். இரண்டாவது முறை நானும் அங்கே இருந்தேன்.

"கைய வைக்காதே" என்றார் மதினி. "எவன் ரூம்புலயோ நின்னுக்கினு பல்ல காட்டுற பாரு. நான் பதினேழு வருசம் பாத்தேன். இனிமே நீ பாரு."

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.