லண்டன் மச்சாளின் லைன்

ஒக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் சிவனேசனுடைய வீட்டுப் போன் அடித்தால் யாரென்று எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. மகள் மஹதியின் சிநேகிதிகள் மஹதியின் மொபைலுக்கு எடுப்பார்கள். ஷாமளாவைத் தேடுகிறவர்கள் ஷாமளாவின் மொபைலுக்கு எடுப்பார்கள். சிவனேசனிடம் சொந்தமாக மொபைல் இல்லை. கம்பனி கொடுத்த, உள்ளூருக்கு மட்டும் கதைக்கக்கூடிய ஒன்று அவர் வேலை செய்யும் சாமான் கிடங்கிலேயே கிடக்கும். ஆக, ஹோல் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைப் பூதத்துக்கு எடுக்கிற ஒரே சீவன் லண்டனில் இருக்கும் சிவனேசனின் அக்கா நிர்மலாதேவிதான்.

லண்டனில் விடியும் நேரம் இங்கே இராச்சாப்பாட்டு நேரம். அந்த மனுசி எழும்பி, முழுகி, பூசைக்கு முதல் செய்கிற வேலை போன் கார்டைச் சுரண்டி தம்பி வீட்டுக்கு எடுப்பது. சிவனேசன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, சோற்றுக்குள் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொள்வார். பிறகு நடப்பதெல்லாம் ஷாமளாவுக்கான பாடம்.

ஷாமளா கார் ஓடப் பழகட்டுமா என்று கேட்டால், "என்னத்துக்குப் பிள்ளை, தம்பி இருக்கிறான்தானே?" தகனினிப் பக்கம் புது வீடு பார்க்கலாம் என்றால், "அவ்வளவு தூரம் மோட்டர்வேயிலை என்ரை தம்பி ஓடுறதே?" அவள் தலைமயிரை வெட்டிக்கொண்டு வந்தால் அதுவும் அடுத்த நாளே லண்டனுக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் சிவனேசன் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொல்லுவார்.

"அக்கா சொல்லுறா. நான் என்ன செய்ய?"

பதினைந்து வருடம் இதே கூத்து. ஷாமளா சுன்னாகத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். வந்த புதிதில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் கை விறைக்க நின்றாள். பிறகு பாட்டனி டவுன்ஸ் பக்கம் ஒரு சப்பாத்துக் கடையில் பெட்டி அடுக்கச் சேர்ந்து, பஸ்ஸில் அலைந்து, ஒருவருக்கும் சொல்லாமல் கார் ஓடப் பழகி, லைசென்சை எடுத்த பிறகுதான் வீட்டில் காட்டினாள். இப்போது கடையைத் திறந்து பூட்டுகிற திறப்பே அவளிடம்தான் இருந்தது. வெள்ளைக்காரர், சீனர், சமோவாக்காரர் எல்லாரையும் சமாளிப்பாள். லண்டன் மச்சாளை மட்டும் சமாளிக்க முடியவில்லை. அந்த மனுசியை அவள் வெறுத்தாள். மறைத்து வைக்கிற வெறுப்பில்லை, போன் அடிக்கும்போதே கோப்பையை மேசையில் டக்கென்று வைக்கிற வெறுப்பு. தன்னுடைய மொபைல் நம்பரை மட்டும் அவள் லண்டனுக்குக் கொடுக்கவேயில்லை.

அந்த வருடம் அவர்களுடைய தெருவுக்கு பைபர் வந்தது. இன்டர்நெட் கம்பனிக்காரன், வீட்டுப் போனை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டான். அன்றைக்கே சண்டை தொடங்கியது.

"வீட்டுப் போன் வேண்டாம் எண்டு சொல்லப் போறன்," என்றாள் ஷாமளா.

"உமக்கு விசரே? அக்கா எப்பிடிக் கதைக்கிறது?"

"கதைக்காமல் இருக்கட்டும். கதைச்சது காணும்."

"அவ காசு கட்டி அனுப்பாட்டி நான் இந்த நாட்டிலையே இல்லை. தெரியுமோ?"

"தெரியும். பதினைஞ்சு வருசமாச் சோத்தோடை சேத்து அதைத்தானே திண்டுகொண்டிருக்கிறன்."

சிவனேசன் வேறு பக்கத்தால் வந்தார். "ஒரு அவசரத்துக்கு அம்புலன்சைக் கூப்பிடுறதெண்டா?"

"மொபைல் இருக்கு."

"மொபைலிலை சார்ஜ் இல்லாட்டி?"

"அப்ப சாவம்," என்றாள் ஷாமளா. மஹதி காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

சண்டை வாரக்கணக்காக இழுபட்டது. இதற்கிடையில் சப்பாத்துக் கடையின் பெரிய முதலாளி ஷாமளாவைக் கூப்பிட்டு, மனேஜராக இருக்கிறாயா என்று கேட்டான். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வியாழனும் வெள்ளியும் இரவு ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும், அவள் நிற்கத்தான் வேண்டும். ஷாமளாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அன்றிரவு அதைச் சிவனேசனிடம் மட்டும்தான் சொன்னாள். அவர் "ம்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரம் போன் அடித்தது.

"பிள்ளை, இரவிரவாய்க் கடையிலை நிண்டா வயசுக்கு வந்த பெட்டையை ஆர் பாக்கிறது? உள்ளது காணும். வேண்டாம் எண்டு சொல்லிவிடு."

சிவனேசன் உளறியிருப்பார் என்று ஷாமளா நினைத்தாள். உளறுகிற ஆள்தானே! அவரைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அக்கா சொல்லுறா. நான் என்ன செய்ய?"

இந்த வேலை கைவிட்டுப் போனால் பிறகு சாகும்வரை பெட்டி அடுக்க வேண்டியதுதான். அந்த ஆத்திரத்தில் விடிந்ததும் கம்பனிக்கு எடுத்து, வீட்டுப் போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிவனேசனுக்குப் போனில் இங்கிலீஷ் கதைக்கப் பயம் என்பதால் கணக்கே அவள் பெயரில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பொடியன் வந்து புதுப்பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனான். ஷாமளா வெள்ளைப் பூதத்தைச் சுவரிலிருந்து கழற்றி கராஜில் எறிந்தாள்.

வேலையால் வந்த சிவனேசன் வெறும் சுவரைப் பார்த்தார். அவள் நினைத்ததுபோல் அவர் கத்தவில்லை. முகம் பேயறைந்ததுபோல் ஆனது. "என்ன வேலை செய்தனீர்? என்ன வேலை செய்தனீர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு வாயை மூடினவர்தான், சனிக்கிழமையும் திறக்கவில்லை. அவர் மூஞ்சையைத் தூக்கி வைத்திருந்தால் தனக்கென்ன என்று ஷாமளா ஆறுதலாகச் சாப்பிட்டாள். அந்த வீட்டில் அவளுக்குச் சோற்றின் ருசி தெரிந்தது அந்த இரண்டு நாளும்தான்.

ஞாயிறு சிவனேசனுக்கு மேலதிக வேலை. பின்னேரம் ஷாமளா ஆட்டிறைச்சிக் கறியை அடுப்பில் வைத்துவிட்டு, சிவப்பு நைட்டியோடு, தலையில் எண்ணெய் வடிய நின்றாள். வாசலில் ஒரு கார் நின்றது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு வான். கதவைத் திறந்தாள். ஒரு செத்தவீட்டையும் தவறவிடாத அன்னமக்கா வெள்ளைச் சேலையோடு நின்றார். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது.

"ஐயோ என்ரை ராசாத்தி! உன்னை இப்பிடி விட்டிட்டுப் போட்டானே!"

கட்டிப்பிடித்து ஒப்பாரியே வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். பெண்களின் கையில் சட்டிகள்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதல்லவா, சனம் சமைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. எல்லாருடைய மூக்கிலும் ஒரே நேரத்தில் ஆட்டிறைச்சி வாசம் அடித்தது. ஒப்பாரி பாதியில் நின்றது.

"ஆர் செத்தது?" என்றாள் ஷாமளா.

எல்லாரும் இராசரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒக்லாந்தில் எங்கள் சனத்தில் யார் செத்தாலும் ஊருக்கெல்லாம் அறிவிக்கிற பெரியவர் அவர். விஷயம் இதுதான். தம்பி வீட்டு லைன் வேலை செய்யவில்லை, எனக்கு நெஞ்சு பதறுது, ஒருக்காப் போய்ப் பாருங்கோ என்று காலையில் லண்டனிலிருந்து நிர்மலாதேவி இராசரத்தினத்தைக் கேட்டிருக்கிறார். மனுசன் போய்ப் பார்த்தாரா? இல்லை. கதிரையில் இருந்தபடி நாலு பேருக்குப் போன் எடுத்து, சிவனேசன் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்றிருக்கிறார். நாலாவது ஆள் பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது அது மாரடைப்பாகிவிட்டது.

"என்ரை மொபைலுக்கு ஒருத்தர் அடிச்சுக் கேக்கேலாதே?" என்று கத்தினாள் ஷாமளா.

"செத்தவீட்டுக்காரிக்குப் போன் எடுத்து, செத்தது மெய்யோ எண்டு கேக்கிறதே பிள்ளை? முறையில்லை. நேரை வாறதுதான் முறை." இராசரத்தினத்துக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அந்த நேரம் பார்த்துச் செத்தவர் காரை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அன்னமக்கா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குலைத்தது. சிவனேசன் வெள்ளைச் சேலைகளையும் சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். இராசரத்தினத்தின் மொபைல் அடித்தது. லண்டன். அவர் ஸ்பீக்கரைப் போட்டார், எல்லாரும் கேட்கட்டும் என்று.

"அக்கா, நான் உயிரோடைதான் இருக்கிறன்," என்றார் சிவனேசன்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய அழுகை. பிறகு வசவு. "நாசமாய்ப் போவானே, ஏன்டா மிஸ்ட் கோல் அடிக்கேல்லை? ஒரு நாள் தவறினதில்லையே! நேத்தும் இல்லை, இண்டைக்கும் இல்லை. நீ செத்துப்போட்டாய் எண்டெல்லோ நினைச்சன்!"

"அக்கா, பிறகு கதைப்பம்."

"என்ன மிஸ்ட் கோல்?" என்றாள் ஷாமளா.

"ஆர், ஷாமளாவே? உனக்குத் தெரியாதே பிள்ளை? நீ காலமை குளிக்கப் போற நேரம் அடிப்பான். நான் எடுக்காட்டி பில்லிலை வராதாம். ஒரு ரிங் எண்டா சுகம். மூண்டு ரிங் எண்டா நான் உடனை அவனுக்குத் திருப்பி எடுக்க வேணும், ஏதோ உனக்குச் சொல்லக் கிடக்கு. என்ன சொல்ல வேணும் எண்டதையும் அவனே சொல்லித் தருவான். தான் சொன்னாச் சண்டை வருமாம், நான் சொன்னா நீ அடங்கி இருப்பாயாம்."

"அக்கா!"

"பேசாமல் இரடா. இரண்டு நாளா என்னைச் சாகடிச்சனி. காரும் அவன் சொன்னது, தகனினி வீடும் அவன் சொன்னது. கடை விஷயமும் அவன் சொல்லச் சொன்னதுதான். எனக்கென்ன பிள்ளை, நீ மனேஜரா வா, இல்லாட்டி முதலாளியா வா. எனக்குப் பூசைக்கு நேரமாச்சு. இனி என்னை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ."

சனம் கூரையைப் பார்த்தது. நிலத்தைப் பார்த்தது. அன்னமக்கா அவிழ்த்த கூந்தலை அவசரமாக முடிந்துகொண்டார்.

பதினைந்து வருடமாக ஷாமளா கடலுக்கு அப்பால் இருந்த ஒரு கிழவியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். குரல் அந்தப் பக்கத்தது, சொல் இந்தப் பக்கத்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, லண்டனைச் சுற்றி வந்து சிவனேசன் அவளை அடக்கியிருக்கிறார். அழுகை வரவில்லை. ஒருவித அருவருப்புத்தான் வந்தது.

"ஒருத்தரும் போகாதையுங்கோ," என்றாள். வந்தவர்கள் நகரவில்லை, நகர மனமும் இல்லை. அவள் சிவனேசனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்குக் கடையிலை ஓம் எண்டு சொல்லப் போறன். வேண்டாம் எண்டா இப்ப சொல்லுங்கோ. உங்கடை வாயாலை. என்ரை முகத்தைப் பாத்து."

சிவனேசன் வாயைத் திறந்தார். கண் இராசரத்தினத்தின் கையிலிருந்த போனுக்குப் போனது.

"அங்கை என்ன பாக்கிறியள்?" என்றாள் ஷாமளா. "அவ போனை வைச்சிட்டா."